எக்ஸுக்குள் ஒரு நான்கு

ராத்தா அந்தக் கால்குலேட்டரை முதன்முதலாக என்னிடம் காட்டிய மாலை நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் வைக்காமல் என் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டாள். "கீழ மட்டும் போட்டுராதட்டி" என்றாள். உறையோடு சேர்த்துப் பிடித்தால் நல்ல கனம். எங்கள் பள்ளியில் நாங்கள் லாகரிதம் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் பார்த்திருந்த கால்குலேட்டர்கள் எண்களை மட்டும் கூட்டும். இது எக்ஸையும் ஒய்யையும் கூட்டியது, அடைப்புக்குறிகளை விரித்தது, சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் வளைகோடு வரைந்தது.

ராத்தா எனக்கு அக்கா முறை, என் வாப்பாவின் அண்ணனான பெரியவாப்பாவின் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். துபாயில் பிறந்து வளர்ந்தவள். பெரியவாப்பாவுக்கு அங்கே வேலை போனதும் குடும்பமே தென்காசிக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் தங்கியது. அவளுடைய பள்ளியின் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் கடைசித் தேர்வு மட்டும் பாக்கி. அதைத் திருவனந்தபுரத்தில் எழுத அனுமதி கிடைத்திருந்தது. கணக்கில் நல்ல மதிப்பெண் வந்தால் அங்கேயே ஒரு கல்லூரியில் கட்டணமில்லாமல் இடம் கிடைக்கும். இல்லையென்றால் படிப்பு அவ்வளவுதான் என்று பெரியவாப்பா சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவள் வந்ததிலிருந்து வீட்டில் யார் வந்தாலும் அவளைப் பற்றியே பேச்சு. கணக்கில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல், ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஒருநாள் அவளுடைய புத்தகத்தை நான் புரட்டியபோது, "உங்க சிலபஸ்ல இதெல்லாம் கிடையாதுல்லா" என்றாள். வேண்டுமென்று சொன்னதில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அவள் குளிக்கப் போன நேரத்தில் கால்குலேட்டரை எடுத்து விளையாடினேன். நான்கு என்ற எண்ணை எக்ஸில் சேமித்தேன். பிறகு மூன்று எக்ஸும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டேன். பதின்மூன்று என்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அணைத்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். அணைத்தாலும் அந்த நான்கு உள்ளேயே இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ராத்தா மாடியிலிருந்து கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன வந்து பாரு. எந்தச் சமன்பாட்ட அடிச்சாலும் ஃபால்ஸ்னு சொல்லுது." எக்ஸ் கூட்டல் இரண்டையும் எக்ஸ் கூட்டல் மூன்றையும் பெருக்கச் சொன்னால், விரிக்காமல் நாற்பத்திரண்டு என்று ஒரு எண்ணைத் தந்தது. வளைகோடு மட்டும் பழையபடி சரியாக வந்தது, அதனால் குழப்பம் இன்னும் கூடியது. பேட்டரியை மாற்றினோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள செல்போன் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத்தத்தையும் அழிச்சாத்தான் சரியாகும்" என்றார். அவள் வேண்டாமென்று வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடக் குறிப்புகள் அதற்குள் இருந்தன.

அன்று மாலை அதனுடன் வந்த கையேட்டைப் படித்தபோது எனக்கு விளங்கிவிட்டது. எக்ஸுக்குள் என் நான்கு உட்கார்ந்திருக்கிறது, எக்ஸ் வரும் இடத்திலெல்லாம் கருவி அதைப் போட்டுப் பார்க்கிறது. குறிப்புகளைத் தொடாமலே அதை அழிக்கலாம், நாலைந்து பொத்தான்கள்தான். கையேட்டை மூடிவிட்டு எழுந்து அவளிடம் போனேன். சொல்லத்தான் போனேன். அதற்குள் அவள், "இந்தக் கணக்க நீ கையால போட்டுப் பாரேன். உனக்குத்தான் வேகமா வருது" என்றாள். உட்கார்ந்து போட்டேன். சரியாக வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

பத்து நாள் அவள் கூடவே இருந்தேன். அவள் போட்ட விடை சரியாகத்தான் இருக்கும். கருவி பொய் என்று சொல்லும். அவள் தன் விடையை அடித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளுவாள். நான் பார்த்துச் சொன்னால்தான் நம்புவாள். ஞாயிற்றுக்கிழமை அவளை வற்புறுத்தி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். சாரல் தொடங்கியிருந்தது. நனைந்த தலையோடு என் தோளில் சாய்ந்து, "நீ இல்லேன்னா நான் என்ன செய்வேன்ட்டி" என்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்ட காலையில் அவள் பை கட்டிக்கொண்டிருந்தபோது, யாருக்கும் தெரியாமல் நான்கை அழித்தேன். "ராத்தா, தன்னால சரியாயிருச்சு" என்று காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இனிமே இத எப்படி நம்ப?" என்று கேட்டுவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

தேர்வறையில் கருவி சரியாகவே சொல்லியிருக்கிறது. அவள்தான் அதையும் நம்பாமல், தன்னையும் நம்பாமல், ஒவ்வொரு கணக்கையும் மூன்று தடவை போட்டிருக்கிறாள். கடைசி இரண்டு பக்கங்களைத் தொடவே நேரமில்லை. வேண்டிய மதிப்பெண் வரவில்லை. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளையோடு மறுபடியும் துபாய்க்குப் போனாள். நான் படித்துக் கணக்கு ஆசிரியை ஆனேன். இப்போது தென்காசியிலேயே ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன்.

ராத்தாவின் மகளுக்குப் பதினைந்து வயதாகிறது. விளங்காத கணக்குகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். சென்ற மாதம் ராத்தாவே வீடியோவில் அழைத்தாள். மகளுக்கு வாங்கிக்கொடுத்த புதிய கால்குலேட்டர் எதை விரிக்கச் சொன்னாலும் வெறும் எண்ணையே காட்டுகிறதாம். நான் யோசிக்கவே இல்லை. "எக்ஸுக்குள்ள ஏதோ ஒரு நம்பர் கிடக்கு, அத மட்டும் அழிக்கச் சொல்லு" என்றேன். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. மகள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். ராத்தா போகவில்லை.

"எனக்கும் இதேதான வந்துச்சு" என்றாள். "உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆசிரியை ஆன பிறகு படித்தேன் என்றால் நம்பியிருப்பாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கைப் போட்டது, கையேட்டைப் படித்தது, பத்து நாள் சும்மா இருந்தது, கடைசிக் காலையில் அழித்தது எல்லாம். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"பரீட்சை போனத நான் எப்பமோ விட்டுட்டேன்ட்டி" என்றாள். "அங்க வந்து இருந்த நாள்ல எனக்குன்னு ஒருத்தி கூட உக்காந்திருந்தாளேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அத ஏன் இப்ப எடுத்துக்கிட்ட?"

உண்மையைச் சொன்னது அவளுக்காகவா, என் பாரம் குறையவா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை எனக்குத் தெரியும்.

ராத்தா பேச்சை நிறுத்திவிடவில்லை. உம்மாவின் மூட்டுவலியை விசாரிக்கிறாள், பெருநாளைக்கு வாழ்த்துச் சொல்கிறாள். மகளுக்கு அங்கேயே ஒரு டீச்சரை ஏற்பாடு செய்துவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னாள். அந்தப் பிள்ளையின் கணக்குகள் இப்போது எனக்கு வருவதில்லை.