பொண்ணு பாக்க வந்தவரோட ஒரு ஆட்டம்

எழுபதுகள்ல சம்பளம் வாங்குற பொண்ணுங்க புடவை எடுப்பாங்க, நகைச்சீட்டு கட்டுவாங்க. நான் ஆட்டப் பலகை வாங்கினேன். தாலுக்கா ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை எனக்கு. கார்த்திகை தீபத்துக்குக் கடை போடுறவங்க கிட்ட ஒரு பல்லாங்குழி, மெட்ராஸ் போன சித்தப்பாவை நச்சரிச்சு ஊர் வாங்கி விக்கிற டிரேடு ஆட்ட டப்பா ஒண்ணு, ஆசிரமத்துக்கு வந்து தங்கி, செங்கம் ரோட்டுல ரூமைக் காலி பண்ணின வெள்ளக்காரம்மா கிட்ட ஒரு செஸ் செட்டு. அந்தம்மா கூடவே இன்னொரு டப்பாவும் கொடுத்துச்சு. எப்படி ஆடணும்னு போட்டிருந்த தாள் ஜெர்மனோ என்னவோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்பப்ப திறந்து காயையெல்லாம் தொட்டுப் பாத்துட்டு மூடி வைப்பேன்.

எல்லாத்தையும் விட ஆடு புலிதான் எனக்கு உசுரு. எங்க ஊர் பெரிய கோயில் மண்டபத்துல கல்தரையில கட்டம் செதுக்கியிருக்கும். அதைப் பேப்பர்ல வரைஞ்சுக்கிட்டு வந்து, ஆசாரி கிட்ட சொல்லிப் பலாப்பலகையில கோடு இழுக்க வெச்சேன். புலிக்குச் சோழி, ஆட்டுக்குப் புளியங்கொட்டை.

அம்மாவுக்கு இதையெல்லாம் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். "தாயம் உருட்டுற வீடு உருப்படுமாடி?"ன்னு மொத்தத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளுவாங்க. அது கூடப் பெருசில்ல. ஆடறதுக்கு ஆள் இல்ல, அதான் என் குறை. ஆபீஸ்ல கேட்டா சிரிப்பாங்க. அப்பா ரெண்டு காய் நகர்த்துறதுக்குள்ள கொட்டாவி விடுவார். நானே ஆடு, நானே புலி. நாம என்ன செய்யப்போறோம்னு நமக்கே தெரிஞ்சா அதுல என்ன ருசி இருக்கு? இருந்தும் வாங்கிக்கிட்டேதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும், இதுக்கு எதிர்ல உக்கார ஒருத்தர் வருவாங்கன்னு ஒரு நப்பாசை.

கீழ்பென்னாத்தூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. நிலபுலன் உள்ள குடும்பம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் முன்னாடியே பாத்துப் பொருந்தியாச்சு. கேசரி, பஜ்ஜி முடிஞ்சு பெரியவங்க மல்லாட்டைக் கடலை விலையைப் பேசிக்கிட்டிருந்தாங்க. மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில எட்டிப் பாத்தார்.

"அது ஆடு புலிப் பலகைதானேங்க? யார் ஆடுவாங்க?"

"நான்தாங்க."

"ஒரு ஆட்டம் போடலாமா?"

என் நெஞ்சு குதிச்சது பாருங்க! அவங்கப்பா கூட, "ஆடட்டுமே, என்ன இப்ப?"ன்னு சிரிச்சார்.

அவர் புலி, நான் ஆடு. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் அருமையா ஆடினார். வெட்ட ஆடு கிடைச்சும் அவசரப்படாம, ஒதுங்கி நின்னு அடுத்த வழியைப் பாத்தார். நான் வந்தவங்களையே மறந்துட்டேன். முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்துட்டேன். ஆயுசு பூரா இவரோட ஆடலாம்னு வெக்கமில்லாம நினைச்சேன்.

ரெண்டு புலி அடைபட்டுப் போச்சு. மூணாவதுக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி, அங்க ஒரு ஆட்டை வெச்சா ஆட்டம் முடிஞ்சது. சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அம்மா கண்ணாலயே கெஞ்சினாங்க. விட்டுக்கொடுடின்னு அர்த்தம். என் கை கொஞ்சம் தயங்குச்சு. அவரை நிமிந்து பாத்தேன். அவரும் அந்த ஒரு வழியைத்தான் பாத்துக்கிட்டிருந்தார். வெச்சுட்டேன்.

அவர் எந்திரிச்சு செருப்பைத் தேடினார். அவங்கம்மா, "பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி"ன்னாங்க. அது பாராட்டு இல்லன்னு எங்க வீட்டுச் சுவருக்குக் கூடத் தெரியும்.

மறுநாள் தரகர் வந்து, ஜாதகம் பொருந்தலையாம்னு சொல்லிட்டுப் போனார். பொருந்தின ஜாதகம் ஒரே நாள்ல எப்படிப் பொருந்தாம போச்சோ, அந்த அண்ணாமலையாருக்கே வெளிச்சம்!

அம்மா அடுப்படியில உக்காந்து அழுதாங்க. "தோத்திருந்தா என்னடி கொறஞ்சு போயிருக்கும் உனக்கு?"

எனக்கும் அழுகை வந்துடுச்சு. அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான்.

"ஆடத் தெரியாத ஆளா இருந்திருந்தா விட்டுக்கொடுத்திருப்பேம்மா. அவ்ளோ நல்லா ஆடினவர் கிட்ட எப்படிம்மா வேணும்னே தோக்கறது?"

அம்மாவுக்கு அது புரியல. புரியும்னு நான் எதிர்பாக்கவும் இல்ல. அவருக்குப் புரிஞ்சிருக்கும்னுதான் நினைச்சேன்.