தேட வைத்த கடை

கொட்டாஞ்சேனைப் பிறெடிக்குக் கடை நடத்தத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

துபாயில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி அடுக்கினவர். அங்கே பால் கடைசி மூலையில் இருந்ததைக் கண்டாராம். போதாதா, திரும்பி வந்து கடை போட்டு மேதை ஆகிவிட்டார்.

"சனம் தேடி வாற சாமானை ஒளிச்சு வைக்கோணும். தேடேக்க வேற நாலு சாமானும் வாங்கும்" என்பார்.

துபாய்க் கடையைச் சுற்றிவரக் கால் வலிக்கும். இவருடைய கடையில் நாலு எட்டு வைத்தால் சுவர். அதற்குள் உப்பு ஷாம்புவுக்குப் பின்னால், தேயிலை கொசு விரட்டும் நுளம்புத்திரிக்குக் கீழே. கிழமைக்கொரு தரம் இடமும் மாறும். தேடிச் சலித்த சனம் எதிரே ஸாலிஹ் நானாவின் கடைக்குப் போனது. கேட்கிற சாமானையெல்லாம் வாசலிலேயே வைத்திருக்கும் ஸாலிஹை நினைத்தால் பிறெடிக்குச் சிரிப்பு வரும். மூளையில்லாத மனுசன்.

அன்று மனைவியின் அண்ணன் பேர்னாட், கனடாவிலிருந்து வந்தவர், கடை பார்க்க வந்தார். வெள்ளவத்தையில் கடை ஒன்று போட்டு, அதை நடத்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் தான்தான் என்று பிறெடி தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"மச்சான், இண்டைக்கு அம்மாட நினைவு நாள். கோயில்ல கொளுத்த மெழுகுதிரி குடு" என்றார் பேர்னாட்.

தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடையில் மெழுகுதிரிக்கா பஞ்சம்? பிறெடி ஷாம்புவை விலக்கினார். பிஸ்கட்டைச் சரித்தார். வேலைக்கு நின்ற ரதியை முறைத்தார்.

"நேத்து நீங்கதானே சேர் மாத்தினீங்க" என்றாள் ரதி.

வெள்ளவத்தை கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. "ஸ்டோர்ல இருக்கு, இரு மச்சான்" என்று புழுகிவிட்டு, பின்கதவால் ஓடி, சந்து வழியாகச் சுற்றி ஸாலிஹின் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார்.

அங்கே பேர்னாட் நின்றார். கையில் மெழுகுதிரிப் பெட்டி. ஸாலிஹிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நானா, வெள்ளவத்தைப் பக்கம் வர விருப்பமா?"

வாசலில் நின்ற பிறெடியை ஸாலிஹ் அப்போதுதான் கண்டார். எழும்பாமலே கையை நீட்டி இன்னொரு பெட்டியை எடுத்தார்.

"ஒங்களுக்கும் மெழுகுதிரியா, பிறெடி?"