முழங்கால் தண்ணீரில் பிக்கப் வண்டி

பிக்கப் வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் போதும் என்பார்கள். மழைக்காலத்தில் தெரியாமல் போவதே அந்த ரோடுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதிலிருந்து சில வருஷங்கள், பெரிய மார்க்கெட்டுக்கு மீனும் காய்கறியும் ஏற்றி ஓட்டினேன். பக்கத்து சீட்டில் லோடு ஏற்றி இறக்கும் கோவிந்தசாமி. தண்ணீருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, எதிரில் வருகிறவரின் வேட்டி எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து ஆழம் கணக்குப் போட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

தலை தீபாவளி

கடலோரக் கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கூடைகளோடும் கூடைக்காரப் பெண்களோடும் வந்துகொண்டிருந்தோம். ரோட்டின் குறுக்கே ஏரித் தண்ணீர் ஓடியது. மெதுவாகத்தான் இறங்கினேன். எதிரே வேகமாக வந்த பஸ் ஒன்று பெரிய அலையாகத் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போனது. எங்கள் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். அதைத் துடைக்கக் காய்ந்த துணி வேண்டும். என் சட்டை, கோவிந்தசாமியின் துண்டு, பெண்களின் முந்தானை எல்லாமே சொட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரோ ஏறிக்கொண்டே வந்தது.

கூடைக்காரிகளில் மூத்தவர் பாக்கியம்மா. அன்றைக்கு டவுனில் இருக்கும் மகள் வீட்டில் கொடுக்க, மருமகனுக்குத் தலை தீபாவளிப் புது வேட்டி எடுத்து வந்திருந்தார். அதைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கவே எனக்குக் கை வரவில்லை. "தொடச்சிடு, பாத்துக்கினு நிக்கிறியே" என்றார். துடைத்தேன். வண்டியின் முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேட்டி முழுக்கக் கறுப்புத் திட்டு. அதை மடித்தபடியே பாக்கியம்மா சொன்னார்: "இந்த வருசம் தலை தீபாவளி உன் வண்டிக்குத்தான். மருமவன் அடுத்த வருசம் பாத்துக்கட்டும்."

ஏறுங்க

காலி வண்டி என்றால் தண்ணீரில் சுலபமாகப் போகும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அரியாங்குப்பம் பக்கத்தில் ஒரு தாழ்வான ரோடு. காய் ஏற்றிவரக் காலியாகப் போனோம். பாதி தூரத்தில் ஸ்டியரிங் லேசானது. பின்பக்கம் மிதந்து, வண்டியின் வால் மெல்ல வாய்க்கால் பக்கம் திரும்பியது. பிரேக்கை மிதித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மிதக்கிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

அக்கரையில் கத்தரிக்காய் மூட்டைகளோடு காத்திருந்த விவசாயிகள் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்கள். "பின்னாடி ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்று கெஞ்சினேன். ஏறினார்கள். கனம் இறங்கியதும் பின்சக்கரம் தரையைத் தொட்டது. முதல் கியரில் ஊர்ந்து கரை சேர்ந்தோம். இறங்கும்போது அவர்களில் ஒருவர் சொன்னார்: "என்னிக்கும் வெயிட்டு ஜாஸ்தி, எறங்குன்னு வெரட்டுவ. இன்னிக்கு எங்க வெயிட்டு இனிச்சுதா?"

மெர்சி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஊர் மரியாதையாக 'முசே' என்று பிரெஞ்சில் கூப்பிடும் ஐயா, மகள் கல்யாணத்துக்குக் கண்ணாடி வைத்த பீரோவை ஏற்றி, தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தெருவில் தேங்கிய தண்ணீரைப் பிசகில்லாமல் கடந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. தெரு முனையில் திரும்பினால் எதிரே வைக்கோல் வண்டி. பிரேக்கை மிதித்தேன். நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. பீரோவையும் முசேயையும் சுமந்துகொண்டு போய் வைக்கோலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது வண்டி. நல்ல வேளை, கண்ணாடி உடையவில்லை. முசே தொப்பியிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு, நன்றிக்குப் பிரெஞ்சு வார்த்தையையே போட்டுக் கேட்டார்: "மெர்சி சொல்லணும். உனக்கா, வைக்கோலுக்கா?"

பார்த்துவிட்டு வந்தவன்

இது சிரிக்கிற விஷயமாக அப்போது தெரியவில்லை. கார்த்திகை மழை. மார்க்கெட் மண்டிக்காரர் சரக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் தினமும் போகும் ரோடுதான். தண்ணீரும் முழங்காலுக்கு மேல் இருக்காது என்று பட்டது. வண்டியை இறக்கப் போனேன். கோவிந்தசாமி என் கையைப் பிடித்தான். "இருண்ணே, தண்ணி சுத்திக்கினு ஓடுது. நான் நடந்து பாத்துட்டு வரேன்" என்றான். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை பம்பரில் முடிந்துவிட்டு, மூங்கில் கழியால் குத்திக்குத்தி முன்னே நடந்தான்.

கழி முழுதாக உள்ளே போனது. அடுத்த நொடி அவனும் போனான். தலைகூடத் தெரியவில்லை. ரோட்டுக்கு அடியில் மதகு இருந்த இடத்தில் ரோடே இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது அப்போது தெரியவில்லை. அவன் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. ஒருவழியாகக் கரையில் வந்து விழுந்து, குடித்த தண்ணீரையெல்லாம் துப்பினான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "இங்க ரோடு இல்லண்ணே. நல்லா கீழ வரைக்கும் போயி பாத்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் தண்ணீருக்குள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, ரோட்டில் தண்ணீர் ஏறிய நாளில் மண்டிக்காரர் முகத்தைப் பார்த்து "வண்டி ரிப்பேர், நாளைக்குத்தான் வரும்" என்று சிரிக்காமல் சொல்ல மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.