புல்லட் கேட்டு அடம்பிடித்தவள் நான்தான்

எண்பதுகளின் கடைசியில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த சமயம் அது. நாங்கள் அப்போது கச்சிராயபாளையத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு மாட்டாஸ்பத்திரியில் வேலை. அவர் டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கீழே உள்ள உத்தியோகம்தான். ஆனாலும் சனங்களுக்கு அவர் 'மாட்டு டாக்டரு'. மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு மருந்துப் பையை கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய்வருவார்.

மறியல் தொடங்கியதும் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். பஸ் நின்றுபோனது. அங்கே கல்லெறிகிறார்கள், இங்கே தடியடி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மறியல் ஓய்ந்த பிறகும் கேஸ், தேடுதல் என்று பதற்றம் அடங்கவே இல்லை. இவரோ, மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போதும், தட்டில் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். பொழுது சாய்வதற்குள் வரவேண்டிய மனுஷன் ஊர் அடங்கும்போது வந்து சேருவார். அதுவரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன். வந்ததும் 'அப்பாடா' என்று சொல்ல வாய் வராது, சண்டைதான் வரும்.

அந்த நேரத்தில்தான் சின்னசேலத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் ஜீப் வாங்கிவிட்டதால் தன் பழைய புல்லட்டை விற்கப்போகிறார் என்று தெரிந்தது. கேட்ட நிமிஷமே எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. அந்த வண்டி இருந்தால் இவர் வெளிச்சத்திலேயே வீடு வந்துவிடுவார், நானும் மனுஷியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

இவருக்கு மனசே வரவில்லை. எடை ஜாஸ்தி, பெட்ரோல் குடிக்கும், கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் போய்விடும் என்று அடுக்கினார். ஆளும் ஒல்லி. சென்டர் ஸ்டாண்டு போடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது உண்மைதான். மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினோம். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது, க்ளட்ச் பிளேட் மட்டும் மாற்றுங்கள் என்றார். அதிலும் இவருக்குத் திருப்தி இல்லை. கான்ட்ராக்டரிடம் கேட்டு வண்டியை ஒரு ராத்திரி எங்கள் வாசலில் நிறுத்தி, அடியில் பேப்பர் விரித்துவைத்தார். காலையில் அதில் ஒரு சொட்டு ஆயில்.

"பாத்தியா, ஒழுகுது."

"உங்க சைக்கிள் ஒழுகாதுதான். ஒழுகறதுக்கு அதுல இன்னா இருக்கு?" என்றேன்.

கான்ட்ராக்டர் நல்ல மனுஷர். "ஞாயித்துக்கெழம வெள்ளிமலை வரிக்கும் ஓட்டிப் பாருங்க சார். ஏறலன்னா வாணாம்" என்று சொல்லிவிட்டார். நானும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என்னை வைத்துக்கொண்டு ஏறினால்தானே கணக்கு!

வண்டி அருமையாக ஏறியது. எனக்குத்தான் ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. பள்ளத்தைப் பார்க்காமல் இவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேலே ஒரு சிற்றூரில் தண்ணீர் கேட்கலாம் என்று நிறுத்தினோம். அடுப்பு எரிகிறது, சாமைச் சோறு கொதிக்கிறது, ஆளைத்தான் காணோம். அடுத்த வீடும் அப்படியே. கூப்பிட்டுப் பார்த்தோம், யாரும் வரவில்லை. "ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்ல, இன்னா ஊரோ" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறினேன்.

இறங்கி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ஒரு பசுவுக்கு மருந்து கொடுத்திருந்தாராம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர் கரும்புக்காட்டு நடுவே வண்டிப் பாதையில் திருப்பினார். கொஞ்சம் தள்ளிப் பத்துப் பதினைந்து வீடுகள் தெரிந்தன. நாங்கள் பக்கத்தில் போகப் போக ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு அணைந்தது. கரண்டு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் கரும்புக்குள் சரசரவென்று நிறையப் பேர் ஓடுகிற சத்தம். எங்களை அடிக்க வருகிறார்கள் என்றே நினைத்து இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

இவர் வண்டியை அணைத்தார். அப்போதுதான் ஒரு அலறல் கேட்டது. ஒரு பெண் கரும்பிலிருந்து ஓடிவந்து, எங்கள் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"சார், அவுரு மரம் வெட்டப் போவல சார். வூட்லதான் இருந்தாரு. வுட்டுடுங்க சார்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் மாட்டு டாக்டரும்மா" என்றார் இவர். அவள் நம்பவில்லை. நம்புவதாக இருந்தால் அப்படி நடுங்குவாளா? இவர் டார்ச்சை எடுத்துத் தன் முகத்திலேயே அடித்துக் காட்டினார்.

"ஐயோ, சைக்கிள்ல வருவாரே, அவரா!" என்றவள், அடுத்த மூச்சில், "ஓடும்போது கெணத்துல வுழுந்துட்டாருங்க" என்று கத்தினாள்.

கரும்புக்குள் ஓடினோம். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, தரையோடு தரையாக இருந்தது. இவர் டார்ச் அடித்தார். கீழே மோட்டார் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு தலை தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் அந்தத் தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

"இன்னாங்க, முழுகறாரு!" என்று நான் அலறினேன். முழுகவில்லை. எங்களுக்குப் பயந்து ஒளிந்துகொண்டார். சாகிற இடத்திலும் 'காப்பாத்துங்க' என்று ஒரு குரல் கொடுக்கவில்லை அந்த மனுஷன். இவர் சட்டென்று டார்ச்சை அணைத்தார். இருட்டில் நாங்கள் மூன்று பேரும் கிணற்றுவிளிம்பில் மண்டியிட்டுக் கிடந்தோம். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்நாளில் அப்படி நான் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் பயந்ததில்லை. கையில் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் தலையைக் கிணற்றுக்குள் நீட்டிக் கூப்பிட்டாள். "யோவ், போலீசு இல்லய்யா! நம்ம மாட்டு டாக்டரு! மேல வாய்யா!"

தண்ணீர் கலங்கியது. இருமல் கேட்டது. அப்புறம் நடுங்கிக்கொண்டே ஒரு குரல்: "மெய்யாலுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் மறுபடி குரல் கொடுக்க, கரும்பிலிருந்து ஒவ்வொருவராக ஆண்கள் வெளியே வந்தார்கள். மாடு கட்டும் கயிறுகளை முடிந்து இறக்கி, அவரைத் தூக்கினார்கள். நெற்றி கிழிந்திருந்தது, கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் வேண்டவே வேண்டாம் என்றார். மாட்டுக்குப் போடுகிற கட்டுத்துணியை எடுத்து இவரே கட்டுப்போட்டார். கட்டும்போது அவர் பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டே, "இன்னா டாக்டரே, இந்த வண்டில வரேன்னு சொல்லியனுப்பிட்டு வரக் கூடாதா?" என்றார்.

அவர் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். மறியலுக்குப் பிறகு ஆட்களைப் பிடிக்க வந்த அதிகாரி இந்த மாதிரி வண்டியில்தான் வந்தாராம். "அந்தச் சத்தம் கேட்டா ஆம்பளைங்க யாரும் வூட்ல நிக்க மாட்டாங்கம்மா. தெனம் பொழுது போனா நான் வாசல்லயே நின்னு காது குடுத்துகினே இருப்பேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் எரிந்துகொண்டிருந்த அந்த அடுப்புகள் ஏன் ஆளில்லாமல் இருந்தன என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

கிளம்பும்போது இவர் வண்டியைக் கிளப்பவில்லை. நானும் கேட்கவில்லை. இவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ள, மெயின் ரோடு வரைக்கும் அந்த இரும்புப் பொதியை உருட்டிக்கொண்டே வந்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் போகிற அந்தக் குறுக்குவழியில் இன்னும் இரண்டு ஊர்கள் இருந்தன. அங்கே விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, ஒரு வீட்டில் யாரோ சிரித்துப் பேசும் சத்தம்கூடக் கேட்டது. கை கடுத்தது, சேலை முழுக்க கிரீஸ். ஆனால் ஓரிடத்தில்கூட இளைப்பாற எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் இவர் என் முகத்தைப் பார்த்தார். "வாணாங்க. திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன். அவ்வளவு அடம்பிடித்தவள் சொன்னதைக் கேட்டு அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கான்ட்ராக்டர்தான் விடவில்லை. வண்டியில் என்ன குறை, விலையைக் கம்மி பண்ணவா என்றெல்லாம் கேட்டாராம். "வண்டில ஒரு கொறையும் இல்லீங்க" என்று மட்டும் இவர் சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்துவிட்டார்.

அதற்கப்புறமும் பல வருஷம் அவர் சைக்கிளில்தான் போனார், இருட்டித்தான் வந்தார், நானும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டுதான் இருந்தேன். பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனாலும் அவரை நினைத்துக் கலங்கி நின்ற ஒவ்வொரு பொழுதிலும், என் புருஷன் வருகிற சத்தம் கேட்டு இன்னொருத்தியின் புருஷன் கிணற்றைப் பார்த்து ஓடவில்லை என்கிற நிம்மதி எனக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.