பெரட்டு என்று வாசித்தவர்

அரசாங்க வேலையில் நடைமுறை பிசகாமல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸ் இலக்கிய விழாவில் என் சிறுகதைத் தொகுப்பை வாசித்து விற்கப் போனபோது, மேசைத்துணி முதல் உதிரிப் பேனா வரை பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி மட்டும் பட்டியலில் இல்லை.

மேடையில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது. அவமானத்தோடு இறங்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது, முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார்.

"குடுங்க அங்கிள், நான் படிக்கிறேன். கேரி தீவு எஸ்டேட்ல பொறந்தவ, தமிழ் நல்லா வரும்லா."

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதை நான் 'காலை அணிவகுப்பு' என்று எழுதியிருந்தேன். அவர் தயங்காமல், தோட்டத்து ஆட்கள் சொல்வதுபோல் 'பெரட்டு' என்று வாசித்தார். கைப்பேசியில் மூழ்கியிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"பெரட்டுக்கு லேட்டா போனா அன்னிக்கு வேல இல்ல!" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகச் சொல்ல, அரங்கமே சிரித்தது. அதன்பின் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை.

இறங்கியதும் அந்தப் பெண், "சாரி அங்கிள், வாய் தானா மாத்திருச்சு" என்றார்.

"நீங்க படிச்சதுதாம்மா சரி" என்றேன்.

என் அப்பாவும் பெரட்டில் நின்றவர்தான். அச்சில் அந்தச் சொல் மட்டமாகத் தெரியும் என்று வெட்கப்பட்டு மாற்றியவன் நான். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல அன்று எனக்குத் துணிச்சல் வரவில்லை. நன்றி மட்டும் சொன்னேன். எதற்கெல்லாம் சேர்த்துச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது.