கடலில் சொன்ன "சாலு"

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். நிலவியல் முதுகலை படித்தபோது, ஆராய்ச்சிக் கப்பலில் பத்து நாள் பயிற்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. வேப்பனப்பள்ளியிலிருந்து கப்பலேறும் முதல் ஆள் நான்தான் என்று ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் சொல்லித் தீர்த்தேன்.

அந்தப் பெருமையெல்லாம் முதல் இரண்டு நாளில் வாந்தியாகப் போனது. மூன்றாம் நாள்தான் எழுந்து மேல்தளத்துக்கு வந்தேன். அங்கே கம்பிவடத்தை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டுகிறவர் கர்நாடகத்தின் கார்வார் பக்கத்துக்காரர், அரைகுறை இந்தி பேசுவார், தமிழ் அறவே வராது. எனக்குக் கன்னடம் வரும் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரோடு வாக்கிடாக்கியில் பேசும் வேலையை, எங்களோடு வந்த பேராசிரியர் என்னிடமே கொடுத்தார். தான் ஒப்பந்த ஆள் என்பதையும், பயண அறிக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்பதையும் டீ குடிக்கும்போது அவரே சொன்னார்.

என் வேலை எளிது. கடலடி மண்ணை அள்ளும் இரும்புக் கிராப்பைக் கம்பிவடத்தில் கட்டி இறக்குவார்கள். அது தரையைத் தொட்டதும், வடத்தின் இழுவையைக் காட்டும் மீட்டரில் எண் சட்டென்று விழும். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வடம் தொய்ந்து அடியில் சுருண்டுகொள்ளும்.

ஐந்தாம் நாள் காலை எண் விழுந்தது. பதற்றத்தில் "சாலு, சாலு!" என்று கத்தினேன். வடம் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் பலமாகக் கத்தினேன். பேராசிரியர் ஓடிப்போய்க் கையைக் காட்டிய பிறகுதான் நின்றது. மேலே வந்த வடம் முறுக்கிக்கொண்டு, ஓரிடத்தில் இழை பிரிந்திருந்தது. கிராப்பில் ஒரு பிடி மண் இல்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பேராசிரியர்.

"நான் நிறுத்தச் சொல்லிக் கத்திகினே இருக்கறேன் சார், அவரு காதுலயே வாங்கல."

வின்ச்காரர் கழிவுப்பஞ்சில் கையைத் துடைத்தபடி நின்றார். அவருடைய கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப் பேராசிரியர் கீழே போனார்.

மத்தியானம் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி சோற்றோடு வந்தார். தட்டின் மேல் கையை மறித்து "சாலு" என்றேன். சொன்ன கையோடு, காலையில் வாக்கிடாக்கியில் கத்தியதும் இதே சொல்தான் என்று உறைத்தது. அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. எங்கள் வீட்டில் போதும் என்பதற்கு அதுதான் சொல். கன்னடத்தில் போதும் என்றால் 'சாக்கு'. அந்தச் சாக்கைச் சொல்லியிருந்தால் வேறு சாக்குத் தேட வேண்டி வந்திருக்காது. 'சாலு' என்றால் அவர்களுக்கு ஓடட்டும் என்று அர்த்தம். நிறுத்தச் சொல்வதாக நினைத்து, ஓட்டு ஓட்டு என்று அவரை விரட்டியிருக்கிறேன்.

தட்டைத் தள்ளிவைத்தேன். சொன்னால் மேல்தள வேலை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்போடு நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன் என்பதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு போய்ச் சொன்னேன். பேராசிரியர் முழுவதும் கேட்டுவிட்டு, எழுதிய வரியை அடித்தார். "காரணத்துல உன் பேரைப் போடறேன். மீதி நாளெல்லாம் மேல்தளத்துல உனக்கு வேலை இல்ல. கீழ போய் மண்ணு சலி" என்றார். அழுகை வந்தது. ஆனால் மூச்சும் சீராக வந்தது.

மேல்தளத்தில் வின்ச்காரர் வடத்தின் கெட்டுப்போன முனையை வெட்டிக்கொண்டிருந்தார். கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"அண்ணா, நான் சாலுன்னுதான் சொன்னேன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமில்ல? ஏன் சார்கிட்ட இந்தியிலாவது சொல்லல?" என்றேன். குற்றம் என்னுடையது, ஆனாலும் குரலில் கோபம் இருந்தது.

"சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க படிக்கிறவங்க" என்றார். மறுபடி வடத்தை வெட்ட ஆரம்பித்தார்.

அப்படியெல்லாம் இல்லை அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் காலையில் அவர் சொல்லியிருந்தால், நானே நம்பியிருக்க மாட்டேன்.