வெறுவெளியின் அடர்த்திக்கு ஒரு புள்ளி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்த பௌதிகவியல் டியூஷன் வகுப்புக்குப் பதினொரு வருடம் விடைத்தாள் திருத்தினேன். வகுப்பு நடத்திய ஆசிரியரின், அதாவது எங்கள் சேரின், விளம்பரப் படம் கல்கிசை வரை மதில்களில் சிரிக்கும். பாடத்தைவிடப் படத்துக்கே அதிகம் மெனக்கெட்ட மனிதர்.

ஒரு மாதிரிப் பரீட்சையின் கடைசிக் கேள்வியாக, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைப் போட்டார். பிள்ளைகள் வாய் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பேரண்டத்தில் விண்மீன் மண்டலக் கூட்டங்களுக்கு நடுவே கிடக்கும் பிரமாண்டமான வெறுவெளிகளில் சடப்பொருளின் அடர்த்தி என்ன? சேரின் விடை, பூச்சியம்.

முதலிடம் வருபவருக்கு ஃப்ரீ கார்ட், அதாவது ஒரு வருடம் இலவச வகுப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் நிரோஷாவுக்கு அது கிடைக்காவிட்டால் வகுப்பே இல்லை. தகப்பன் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு ஸ்டோர்ஸில் மூட்டை சுமப்பவர். அவள் எழுதியிருந்த விடை, 'பேரண்டச் சராசரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று'. அதுதான் சரி. அங்கும் மெல்லிய வாயு உண்டு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக விண்மீன் மண்டலங்களும் உண்டு.

தாளை எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன்.

"சேர், கடைசிக் கேள்விக்கு நீங்க போட்ட விடை பிழை."

"என்ன மிஸ் கதைக்கிறீங்க? ஒண்டுமில்லாத இடத்தில என்ன அடர்த்தி?"

"ஒண்டுமில்லாம இல்ல சேர், குறைவா இருக்கு. இந்தப் பிள்ளை சரியா எழுதியிருக்கு."

அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். "டியூட்ல விடை அச்சடிச்சாச்சு மிஸ். முந்நூறு பிள்ளையளுக்கு முன்னால எனக்குத் தெரியாதெண்டு சொல்லவா? எல்லாம் பக்கத்து வகுப்புக்கு ஓடிடும்."

எங்கள் தொழிலின் எழுதாத சட்டம் இது. வகுப்பில் கொடுக்கும் அச்சுத்தாளைத்தான் டியூட் என்போம். அதில் வந்தால் அது விஞ்ஞானம், வராவிட்டால் பிரபஞ்சம்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். நிரோஷா ஒரு புள்ளியால் இரண்டாமிடம். பூச்சியம் என்று போட்டவனுக்கு ஃப்ரீ கார்ட் போனது. அவன் காரில் வந்திறங்குபவன்.

அவள் தாளோடு வந்து நின்றாள். "மிஸ், நான் லைப்ரரில பார்த்தனான். என்ட விடை பிழையா?"

"டியூட்ல அப்பிடித்தான் இருக்கு, பிள்ளை."

"ஓம் மிஸ்" என்றாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பிறகும் வரவில்லை.

மறு வருட டியூட்டில் 'ஐந்தில் ஒன்று' என்று இருந்தது, 'சேரின் விசேட குறிப்பு' என்று பெட்டி கட்டி. வெட்கமே இல்லாமல் அரை மணித்தியாலம் விளக்கினார். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.

இப்போது தாள் திருத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த மனிதரைக் கேலி செய்ய எனக்கு இன்றும் ஆசைதான், தகுதிதான் இல்லை. அவர் தெரியாமல் பிழை விட்டார். நான் தெரிந்தே பிழை போட்டேன்.